லெப்டின் மாத்திரை சாப்பிட்டால் எடை குறையுமா?

குறையாது. பணப்பை வேண்டுமானால் இளைக்கும்.

லெப்டின், உடலே சுரக்கும், பசியை அடக்கும் ஒரு புரதம். வாய்வழியாகப் போனால் பருப்பைப் போலவே வயிற்றில் செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் நம்மில் பெரும்பாலோருக்குப் பலன் இருக்காது. காரணத்தைச் சொல்ல ஒரு எலிக் கதை தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. தின்று தின்றும் பசி அடங்காத குண்டுச் சுண்டெலி ஒன்று 1949-இல் அங்கே கண்ணில் பட்டது. அந்த வகைக்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1966-இல் இன்னொரு குண்டு வகை வந்தது. அதற்குச் சர்க்கரை நோயும் கடுமையாக இருந்தது. அது 'டிபி'. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்.

அந்த ஆய்வக விஞ்ஞானி டக்ளஸ் கோல்மன் என்ன செய்தார் என்றால், இரண்டிரண்டு எலிகளாக விலாவோடு விலா சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் போகும்படி செய்தார். (படிக்கவே சங்கடமாக இருக்கிறது, தெரியும்.) டிபியோடு சேர்ந்த சாதாரண எலி, தீனி முன்னால் இருந்தும் தின்னாமல் பட்டினியில் செத்தது. டிபியோடு சேர்ந்த ஓபிக்கும் அதே கதி. டிபி மட்டும் கொழுத்துக்கொண்டே இருந்தது. சாதாரண எலியோடு சேர்ந்த ஓபியோ அளவாகத் தின்னத் தொடங்கியது.

அப்படியானால், 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று டிபியின் இரத்தத்தில் நிரம்பி வழிகிறது; அதைக் கேட்கும் காது மட்டும் அதற்கு இல்லை. ஓபிக்குக் காது இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன், லெப்டின். மறு ஆண்டே அதைக் கேட்கும் காதும், அதாவது அதன் ஏற்பியும், கிடைத்தது. டிபியில் பழுதாகியிருந்தது அந்த ஏற்பிதான்.

மனிதரிலும் ஓபி உண்டு, ஆனால் மிக அரிது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத 9 வயதுச் சிறுமி ஒருத்தி 94 கிலோ இருந்தாள். கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் ஓராண்டு லெப்டின் ஊசி போட்டதில் 16 கிலோ குறைந்தாள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காப் பசியோடு எடை ஏறும் பிள்ளையை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான். ஏற்பியே பழுதானவர்களுக்கு லெப்டின் உதவாது. அவர்களுக்காக, மூளையில் அதற்கு அடுத்த கட்டத்தில் உள்ள வேறோர் ஏற்பியைத் தூண்டும் செட்மெலனோடைடு ஊசி 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நம் கதை வேறு. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். குண்டான பலரின் இரத்தத்தில் அது ஏற்கெனவே ஏராளம், மூளைதான் பொருட்படுத்துவதில்லை. இளைத்தாலோ லெப்டின் சரிந்து, பஞ்சம் வந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. நான் 11 கிலோ குறைத்த ஆண்டில், இரவு பதினொரு மணிக்கு முறுக்கு டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் திறக்கப் பழகியிருந்தேன். அம்மா அதற்கு வைத்த பெயர் 'வாய்க்கட்டு இல்லை'. 7 கிலோ திரும்பி வந்தது.

அந்த மாத்திரையையும் அப்போது ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். டப்பாவின் முகப்பில் கொட்டை எழுத்தில் லெப்டின். பின்பக்கப் பொடி எழுத்தில் லெப்டினே இல்லை. பச்சைத் தேயிலைச் சாறும் ஆப்பிரிக்க மாங்கொட்டைச் சாறும்தான் இருந்தன.