கிராண்ட் கேட்கும் முன் கட்டுகளை எண்ணுங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் ஆண்டுக்கு நாலைந்து புத்தகம் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். திறன் மேம்பாட்டு நல்கைக்கு, அதாவது கிராண்டுக்கு, விண்ணப்பிப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மொத்தக் கடையில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதிவிட்டுப் பதிப்புக்கு வந்தவன் நான். அதனால் பேச்சு பேரேட்டுப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, கவிதைப் புத்தகங்கள் போடுகிறேன். இந்தக் கிராண்ட் கிடைத்தால் அடுத்த மூன்று தொகுப்புக்கு அச்சுக்கூலி ஆகுமா? (காரைக்குடி)

ஆகாது தம்பி. அச்சுக்கூலி தருவது வேறு வகை. தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது, அது எழுதியவர் விண்ணப்பிப்பது. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கியதிலிருந்து பேசப்படுவது மொழிபெயர்ப்பு நல்கை. நூலக ஆணை, அதாவது நூலகங்கள் நம் புத்தகத்தை வாங்குவது, வியாபாரம், அதை நல்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

திறன் மேம்பாடு என்றால் புத்தகத்துக்கு அல்ல, பதிப்பகத்துக்குத் தரும் பணம். இருப்புக் கணக்கு, அலமாரி, பழைய கோப்புகளை மாற்றுவது, ஆளுக்குப் பயிற்சி, இணையதளம் எல்லாம் இதில் வரும். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கப் புத்தகம் சேர்த்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. புத்தகம் முன்பே இருந்தது. பட்டியலும் நுண்படமும் (மைக்ரோஃபிலிம்) பராமரிக்க ஆளும் பிறகுதான் வந்தன. நீங்கள் கேட்கப்போவது அந்த இரண்டாவது வகைச் செலவை.

என்னதான் கேட்பது? எங்களுக்கு எல்லாமே குறையாக இருக்கிறது. (தேவகோட்டை)

நானும் முதல் தடவை எல்லாவற்றையும்தான் கேட்டேன். பன்னிரண்டு லட்சம். இணையதளம், வேன், விழா, புது அலுவலகம். ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். அந்த அமைப்பின் பெயர் வேண்டாம், அவர்கள் செய்தது சரிதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தங்கை மகனும் கோடவுனில் உட்கார்ந்து எண்ணினோம். கோடவுன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், பழைய வீட்டில் இரண்டாம் கட்டுத் தாழ்வாரம்தான். பேரேட்டில் இருப்பு 4,200 பிரதி. கையில் எண்ணியது 3,465. சுவரை ஒட்டி அடுக்கிய கட்டுகளில் அடிக்கட்டைத் தூக்கினால் மேலட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே மண். கரையான் தின்றது முந்நூறுக்கு மேல். மற்றது எங்கே? கடைகளுக்கு ‘விற்றபின் காசு’ என்று கொடுத்தது. பாதிக்குச் சலானே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. இரண்டாவது விண்ணப்பத்தில் அந்த 735 பிரதிக் கதையைத்தான் முதல் பத்தியாக எழுதினேன். கேட்டது 3,60,000. இரும்பு அலமாரி 60,000, பார்கோடு கருவியும் இருப்பு மென்பொருளும் 35,000, பகுதிநேர ஆள் ஒருவருக்கு மாதம் 9,000 வீதம் பதினெட்டு மாதம் 1,62,000, கணக்குத் தணிக்கை 15,000. மீதி 88,000 பழைய கோப்புகளுக்கு.

அந்தக் கடைசித் தொகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்களில் பலருக்கும் உள்ள நோய் அது. எங்கள் இருபத்திரண்டு பழைய தலைப்புகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு அல்லாத எழுத்துருவில் கிடந்தன. அதை அப்படியே மின்னூலாக்க முடியாது. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் ஒகர ஓகாரம் கொம்பு தனியே, கால் தனியே பிரிந்து நிற்கும். ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக மெய்ப்புப் பார்க்க வேண்டும். தலைப்புக்கு 4,000 என்று போட்டேன். அது குறைவு, இன்று எழுதினால் கூடுதலாகக் கேட்பேன்.

நான் தனி உரிமையாளர். விண்ணப்பிக்கலாமா? (புதுவயல்)

பல இடங்களில் முடியாது. அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமற்ற கம்பெனி இவற்றுக்குத்தான் தருவார்கள். தனிநபருக்கும் தருகிற இடம் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். ஆனால் அது கலை ஆய்வு, ஆவணம் போன்ற திட்டங்களுக்கு, கோடவுனுக்கு அல்ல. கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமானால் வருமான வரித்துறையில் அறக்கட்டளைப் பதிவு, நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் பதிவு (1961 சட்டத்தில் 12ஏபி, 80ஜி), அந்தப் பணம் பெறப் பதியும் சிஎஸ்ஆர்-1 படிவம், மூன்று வருடம் அதே வேலை செய்த சான்று எல்லாம் வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்கிற சட்டப் பட்டியலில் பொது நூலகமும் கலை பண்பாடும் இருக்கின்றன, விற்பனைக்குப் புத்தகம் போடுவது இல்லை. வாசகசாலையோ ஆவணக் காப்போ நடத்துகிறவர்கள் அந்தப் பக்கமாக யோசியுங்கள். கிராண்டுக்காக மட்டும் அவசரமாக டிரஸ்ட் பதியாதீர்கள். வருடா வருடம் ஆடிட்டர் செலவு நிற்கவே நிற்காது.

சென்னையில் ஓர் அமைப்புக்கு வெளிநாட்டு நிதி வருகிறது. அதில் எங்களுக்குப் பங்கு தருகிறோம் என்கிறார்கள். (பள்ளத்தூர்)

வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ என்று தனிச் சட்டம் இருக்கிறது. அதன் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது. நேரடியாகப் பதிவு பெறவும் அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். பணம் வந்திறங்கும் கணக்கு ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான்.

நீங்கள் காலாண்டிதழும் நடத்துகிறீர்கள் அல்லவா? பதிவு பெற்ற செய்தித்தாளின் ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் யாரும் வெளிநாட்டு நன்கொடை பெறக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. கதையும் கவிதையும்தான் போடுகிறோம் என்றால் அது செய்தி இதழ் அல்ல என்று பத்திரிகைப் பதிவாளரிடம் சான்று கேட்பார்கள். சிறு பதிப்பாளருக்கு இந்த வழி தலைவலி என்பது என் அபிப்பிராயம்.

பட்ஜெட்டில் எங்கே தவறுவோம்? (திருப்பத்தூர்)

ஜிஎஸ்டியில். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது, சந்தோஷம். ஆனால் அதனாலேயே காகிதத்துக்கும் அலமாரிக்கும் நீங்கள் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. விலைப்புள்ளியில் ‘வரி தனி’ என்று இருந்தால் வரியையும் சேர்த்தே செலவாக எழுதுங்கள். இரண்டாவது, உங்கள் உழைப்பைச் சும்மா என்று காட்டுவது. அது பெருந்தன்மை இல்லை, பொய்க்கணக்கு.

ஆங்கிலத்தில் எழுத வராது. (கோட்டையூர்)

மேலே சொன்ன பெங்களூர் அமைப்பு இந்திய மொழிகளிலும் விண்ணப்பம் வாங்குகிறது. மற்ற இடங்களுக்குத் தமிழில் எழுதி முடித்துவிட்டு ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுங்கள்.

‘நல்கை முடிந்தபின் எப்படித் தொடர்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள். என்ன எழுதுவது? (குன்றக்குடி)

‘மேலும் நிதி திரட்டுவோம்’ என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். பகுதிநேர ஆளின் 9,000 எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். நம் முன்னோர் வியாபாரத்தில் மகமை என்று விற்பனையில் ஒரு துளியைத் தனியே எடுத்து வைத்து ஊர்க் காரியம் பார்த்தார்கள். அதையே செய்தேன். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஐந்து ரூபாய் தனிக் கணக்கு. மாதம் 600 பிரதி போனால் 3,000, மீதி 6,000 மின்னூல் வரவிலிருந்து. இதை ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) மாதிரி ஒரே தாளில் காட்டினேன். மின்னூல் வரவு சொன்ன அளவுக்கு வரவில்லை, அதையும் இறுதி அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன்.

அப்பச்சி போட்ட பழைய புத்தகங்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பிள்ளைகள் எடைக்குப் போடச் சொல்கிறார்கள். இதற்கு ஏதும் கிடைக்குமா? (கானாடுகாத்தான்)

எடைக்குப் போடாதீர்கள் ஆச்சி. முதலில் தலைப்பு, வருடம், எத்தனை பிரதி என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பதிப்பாளர் நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்கிற 1954இன் சட்டப்படி அந்தந்த ஆண்டுகளில் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி போயிருக்க வேண்டும், போகாததும் நிறைய. அங்கே இல்லாத தலைப்பு உங்களிடம் இருந்தால் அதுதான் விண்ணப்பத்தின் முதல் வரி. அடுத்த வாரம் நானே வருகிறேன். அதுவரை கட்டுகளைத் தரையிலிருந்து பலகை மேல் ஏற்றி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். தூக்குகிற பையனைத் தேள் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள்.