பேரன் சொல்லும் இருபது பிளகின்

கேள்வி: கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாகரில் ஆறு மாதமாகச் சிலேடை வெண்பாக்களுக்கு உரை எழுதுகிறேன். "வேர்ட்பிரஸுக்கு மாறுங்க பாட்டி, இருபது பிளகின் போட்டுத் தர்றேன்" என்கிறான் பேரன். மாறலாமா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மன்னார்குடி)

மாற வேண்டாம் அம்மா, இப்போதைக்கு. வேர்ட்பிரஸ் டாட் காம் இலவசக் கணக்கில் பிளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல்) சேர்க்கவே முடியாது. சொந்தமாக ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) வாங்கினால் சேர்க்கலாம். அதற்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். பேரன் வேலை கிடைத்து வெளியூர் போனபின் இருபது பிளகினையும் அப்டேட் செய்யப்போவது யார்?

உங்களுக்கு உடனே வேண்டியது ஒன்றுதான். உங்கள் பதிவுகளின் முகவரியைப் பாருங்கள். 'பிளாக்-போஸ்ட்_17' என்று முடியும். பிளாகருக்குத் தலைப்பில் ஆங்கில எழுத்து இருந்தால்தான் அதிலிருந்து முகவரி எடுக்கத் தெரியும். தமிழ்த் தலைப்பு என்றால் எண் போட்டுவிடும். பதிவை வெளியிடுவதற்கு முன் வலப்பக்கம் 'பெர்மாலிங்க்' (பதிவின் நிலையான முகவரி) என்ற இடத்தைத் திறந்து, தேங்காய்க்கும் நாய்க்கும் சிலேடையான காளமேகப் புலவர் பாட்டென்றால் காளமேகம், தேங்காய், நாய் என்று ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். எந்த வெண்பா என்று முகவரியே சொல்லும்.

வேர்ட்பிரஸ் தமிழை முகவரியில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு குறியையும் சதவீதக் குறி போட்டு ஒன்பது எழுத்தாக ஊதிவிடும். 'வெண்பா' என்பது வ, கொம்பு, ண, புள்ளி, ப, கால் என ஆறு குறி. ஆக 54 எழுத்து. மொத்த வரம்பே 200 என்பதால் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப் பக்கத்துக்குப் புரியாத கிறுக்கல் விழும். அங்கே போனாலும் முகவரியைக் கையால்தான் எழுத வேண்டியிருக்கும்.

வெண்பா அடிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விழுகிறதா? என்டர் தட்டும்போது ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். இதற்கெல்லாம் பிளகின் எதற்கு?

என்றைக்காவது மாறினால் இரண்டு போதும்: குப்பைப் பின்னூட்டங்களைத் தடுக்க அகிஸ்மெட், காப்புப் பிரதிக்கு அப்டிராஃப்ட்பிளஸ். தலைப்பைச் சுற்றிப் பனி பெய்ய வைக்கும் பிளகினைப் பேரன் தன் தளத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: 2003-ல் பாமினி எழுத்துருவில் தட்டிய ஊர்க் கட்டுரைகள் இப்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. மீட்க வழி உண்டா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

உண்டு. அது குப்பையில்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று இருந்தால் அதுதான் 'தமிழ்'. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் இன்று எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடாகிவிடும். கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் அது தமிழாக்கிவிடும் என்பதுதான் தொல்லை. 'பிடிஎஃப்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் 'னக' என்று வந்து, முன்னால் ஓர் இகரக் குறி அநாதையாகத் தொங்கும். அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

கேள்வி: புதுப் பதிவு மின்னஞ்சலில் போவது நின்றுவிட்டதே?
(வாசகர், சேலம்)

பதிவுகளை வாசகர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவந்த ஃபீட்பர்னர் அந்தச் சேவையை 2021 ஜூலையில் நிறுத்திவிட்டது. வாசகர்கள் ஐம்பது பேர் என்றால் வாட்ஸ்அப் சேனலே போதும்.

கேள்வி: காப்புப் பிரதி அவசியமா?
(கல்லூரி மாணவி, நெல்லை)

என் கதையைக் கேளுங்கள். 2012-ல் என் தளத்தில் 140 பதிவு. வாரம் தவறாமல் பிரதி எடுத்தேன், அதே சர்வரில்! ஹோஸ்டிங் நிறுவனம் புதுப்பிப்புக் கடிதம் அனுப்பியது நான் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்கு. தளமும் பிரதியும் ஒன்றாகப் போயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் துழாவி 61 பதிவை மீட்டேன். அத்தை சொல்லச் சொல்ல எழுதிய வடகப் பக்குவம் அதில் இல்லை, அத்தையும் இல்லை.

பிளாகர் என்றால் செட்டிங்ஸில் 'பேக்கப்' இருக்கிறது. அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படங்களும் வருமென்று நம்பியிருக்காதீர்கள். அவற்றைத் தனியாகப் பென் டிரைவில் வையுங்கள். வேர்ட்பிரஸில் அப்டிராஃப்ட்பிளஸை கூகுள் டிரைவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இலவசப் பதிப்பே அதைச் செய்யும்.