சண்டை மங்காக்களில் வரும் பிடிகள் நிஜத்தில் நடக்குமா?

கேள்வி: 'பாக்கி' மாதிரியான ஜப்பானியச் சண்டை காமிக்ஸ்களில் பிடி, பூட்டு, கழுத்து நெரிப்பு என்று வருவதெல்லாம் நிஜத்தில் சாத்தியமா, இல்லை வெறும் கற்பனையா? நம்பும்படியாக வரைந்த காமிக்ஸ் ஏதாவது இருக்கிறதா?

நீங்கள் கேட்கும் தொனியைப் பார்த்தால், "எல்லாம் புளுகு" என்று யாரோ உங்களை மட்டம் தட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

ஆட்கள் சிரிக்கும் இடங்கள்தான் பெரும்பாலும் நிஜம். கை முறியும்வரை தோல்வியை ஒப்புக்கொள்ளாத வீரனா? 1951இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா கையை முறுக்கியபோது, பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசி தோல்வியை ஒப்புக்கொண்டு கடைசிவரை தட்டவே இல்லை. கை போய்விட்டது. ஹீலியோவின் அண்ணன் கார்லோஸ் தலையிட்ட பிறகுதான் ஆட்டம் நின்றது. அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் கிமுரா என்றுதான் பெயர். பாய்ந்து வந்து எதிராளியின் கால்களைத் தன் கால்களால் கத்தரித்துச் சாய்ப்பதா? ஜூடோவில் அதற்குக் கானி-பசாமி என்று பெயர். 1980இல் ஜப்பானிய ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிதாவின் காலை முறித்தது அதுதான். பிற்பாடு போட்டிகளில் அதைத் தடையே செய்துவிட்டார்கள்.

மாறாக, பாக்கியில் ஹனயாமா எதிராளியின் கையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, நடுவில் ரத்தக் குழாய் வெடிக்கும்படி செய்வானே, அது சுத்தப் புளுகு. வரைந்த கெய்சுகே இதாகாகி ஜப்பானியத் தற்காப்புப் படையில் இருந்தவர், ஷோரின்ஜி கெம்போ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பயின்றவர். விஷயம் தெரியாமல் வரையவில்லை, தெரிந்தே ஊதிப் பெருக்குகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை, "காமிக்ஸை காமிக்ஸாகப் பார்" என்று பாடம் நடத்த யாரும் வரவேண்டாம்.

என் குறை வேறு. பிடியைச் சரியாக வரைகிறார்கள், பிடிக்குப் போகிற வழியை விழுங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு படக் கட்டத்தில் இருவரும் நின்றுகொண்டிருப்பார்கள். அடுத்த கட்டத்தில் ஒருவனுடைய கழுத்து மற்றவனுடைய முழங்கை மடிப்புக்குள் இருக்கும். நடுவில் நடந்ததுதான் சண்டையே.

கல்லூரியில் ஜூடோ ஆடியவன் நான். பல்கலைக்கழக அணிக்கு மேலே போகவில்லை, அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் எனக்கு வாய்த்த எதிராளி என் எடைப் பிரிவுதான் என்றார்கள். என் மார்பின்மேல் அவர் விழுந்தபோது அதை என்னால் நம்ப முடியவில்லை. கேசா-கதாமே போட்டுவிட்டார். என் தலையை அக்குளுக்குள் அணைத்து, ஒரு கையைப் பறித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் விலாவில் இறக்கும் உடும்புப்பிடி அது. அப்போதைய விதிப்படி 25 நொடி அப்படியே கிடத்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. 20 நொடியாகக் குறைத்தது 2013இல்தான்.

காமிக்ஸ் நாயகனாக இருந்தால் அந்த நேரத்தில் குருவின் முகமும் செத்துப்போன அப்பாவின் முகமும் வந்து போயிருக்கும். எனக்குத் தெரிந்தது நடுவரின் கறுப்பு சாக்ஸ். கட்டைவிரல் பக்கம் ஓர் ஓட்டை. மூக்கு எதிராளியின் வியர்த்த உடையில் புதைந்திருந்ததால் மூச்சை இழுத்தால் துணிதான் வந்தது. கையால் ஒன்றும் ஆகாது. எனவே இடுப்பை நகர்த்தி நகர்த்தி, குதிகாலால் அவருடைய காலைத் தேடினேன். அவர் காலைத் தள்ளி வைப்பார், நான் இன்னும் ஒரு விரற்கடை நகர்வேன், அவர் மறுபடி தள்ளி வைப்பார். கடைசியில் அவருடைய ஒரு கால் என் இரண்டு கால்களுக்கு நடுவில் சிக்கியது. "தொகேத்தா" என்று நடுவர் கையை வீசினார். பிடி செல்லாது, கடிகாரம் நின்றது! அடுத்த நிமிடமே எதிராளி என்னைத் தூக்கி அடித்து ஜெயித்தார் என்பது வேறு கதை. ஆனால் தரைச் சண்டை என்பது அந்தக் குதிகால் தேடல்தான். அதை எந்த ஓவியர் நான்கு பக்கம் வரைவார்?

வரைவது எளிதுமில்லை. வெள்ளை உடை போட்ட இருவர் தரையில் பின்னிக் கிடந்தால் எந்தக் கால் யாருடையது என்று நேரில் பார்க்கிறவர்களுக்கே தெரியாது. அதற்காகத்தான் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பே 1997இல் ஒருவருக்கு நீல உடை என்று கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளையில் அச்சாகிற வார இதழ் ஓவியர் என்ன செய்வார், பாவம்? சட்டென்று ஒரு குத்துக்குத் தாவிவிடுகிறார்.

கழுத்து நெரிப்பில் மட்டும் எனக்கு இரக்கமில்லை. கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாயும் சரியாக அடைபட்டால் பத்து நொடி வாக்கில் நினைவு தப்பிவிடும். அந்த நிலையில் காமிக்ஸில் ஒருவன் தன் குலப் பெருமையை வாய்விட்டுப் பேசுகிறான். மனதுக்குள் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

தரை என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கல்லூரியில் ஆண்டு விழா வந்தால் ஜூடோ மேட்களை அள்ளிக்கொண்டு போய் மேடையில் விரித்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினருக்குக் கால் நோகக் கூடாதாம். திரும்பி வரும்போது ஆணி ஓட்டையும் சாம்பார்க் கறையுமாக வரும், சில வராமலே போகும். அந்த ஓட்டைகளில் கால்விரல் மாட்டி நகம் பெயர்ந்தவர்கள் எங்கள் அணியிலேயே உண்டு. இதே கல்லூரியில் கிரிக்கெட் பிட்ச்மேல் ஒருவர் செருப்புக் காலோடு நடந்துவிட்டால் உடற்கல்வி ஆசிரியர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவருவார். புகார் எழுதிக் கொடுத்தோம், "அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்றார்கள். நான் படித்து முடிக்கும்வரை அந்த நிதியாண்டு வரவில்லை.

நம்பும்படியானது வேண்டும் என்றால் ஹிரோகி எண்டோவின் 'ஆல்-ரவுண்டர் மெகுரு'வைத் தேடிப் பிடியுங்கள். 2008 முதல் 2016 வரை வந்த தொடர். குத்தும் பிடியும் கலந்த ஜப்பானியச் சண்டை விளையாட்டான ஷூட்டோவின் அமெச்சூர் போட்டிகள்தான் களம். உலகை ஆளும் அரக்கர்கள் இல்லை, சாயங்காலம் ஜிம்முக்கு வந்து போகும் சாதாரண ஆட்கள். கராத்தே கற்ற பையன் தரைக்குப் போனதும் திணறுவதையும், ஒரு பிடி நழுவி இன்னொரு பிடியாக மாறுவதையும் பொறுமையாக வரைந்திருக்கிறார். முதலில் அதைப் படித்துவிட்டுப் பாக்கிக்குத் திரும்புங்கள். ஹனயாமாவை இன்னும் கூடுதலாக ரசிப்பீர்கள்.