நாற்றம் நின்றால் ஓடு

ஸ்டாண்டப் காமெடி பார்க்கப் போன இடத்தில் ஷோ திடீரென்று சீரியஸாகிவிட்டால் காசு கொடுத்தவருக்கு ஏமாற்றம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படி ஒரு ஷோ அமைந்தது. ஏமாற்றம் துளியும் இல்லை.

காட்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஹால். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள், மீதி எங்களை மாதிரி குடும்பத்தோடு வந்தவர்கள். மேடையேறியவர் ராணிப்பேட்டைப் பையன், தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தொழிலாளியின் மகன். முதலில் வேலூர் வெயில், தண்ணீர் இல்லாத பாலாறு என்று வழக்கமான சமாச்சாரம். அப்புறம் ஊர் நாற்றத்தைக் கையில் எடுத்தார் பாருங்கள், ஹாலே குலுங்கியது. மெட்ராஸ் சொந்தக்காரர்கள் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் கர்சீப்பைத் தேடுவதை நடித்துக் காட்டினார். "எங்கப்பா தெருமுனை திரும்பும்போதே வாசம் வந்துடும். டிவியை ஆஃப் பண்ணிட்டு புக்கைத் திறக்க கரெக்டா ரெண்டு நிமிஷம் டைம் கீது" என்றார். என் மாமாவும் தோல் ஷாப்பில்தான் வேலை பார்க்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

அதே குரலில், அதே வேகத்தில் அடுத்ததைச் சொன்னார். "அப்பா எனக்கு ஒரே ஒரு அட்வைஸ்தான் குடுத்தாரு. நாத்தம் வந்தா பயப்படாத. நாத்தம் நின்னுச்சின்னா ஓடு."

இதற்கும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மைக் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே, கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே போனவர் மேலே நின்றவரிடம், "நாத்தமே இல்லடா, இறங்கு" என்று சத்தம் கொடுத்தாராம். நம்பி அவரும் இறங்கினார். இரண்டு பேரும் உயிரோடு மேலே வரவில்லை.

தோலில் இருக்கும் முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் போடுவார்கள். அந்தக் கழிவோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போகும். வாயு அப்படியே இருக்கும், நாற்றம் மட்டும் தெரியாது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் செத்துப்போவது இதனால்தான். அவர் இதை வகுப்பு எடுக்கிற மாதிரி சொல்லவில்லை, அப்பா சொன்ன அந்த ஒரு வரியை மறுபடி சொன்னார், அவ்வளவுதான். மொத்த ஹாலுக்கும் புரிந்துவிட்டது.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "யாருக்கு ஞாபகம் கீது?" என்று மேடையிலிருந்து கேட்டார். நாலைந்து கைதான் எழுந்தது.

இதையே ஒரு கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். இங்கே அந்த நாற்றத்தை வைத்து அவ்வளவு நேரம் சிரித்த பிறகு, இது வேறு யாருடைய கதையோ என்று யாராலும் தள்ளி உட்கார முடியவில்லை. கடைசியில் ஒரு ஜோக்கைப் போட்டு எங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பவும் அவர் முயலவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். அந்தத் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன்.

வெளியே வரும்போது பின்னால் ஒருவர், "சிரிக்க வந்தவனை அழ வச்சிட்டான்பா" என்று குறைப்பட்டார். அமெரிக்காவில் டிக் நோட்டாரோ என்ற ஸ்டாண்டப் காமெடியன் 2012 ஆகஸ்டில் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த சில நாளிலேயே மேடையேறி, முதல் வரியிலேயே அதைச் சொன்னார். இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். நம் வடஆற்காட்டுத் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜாவையே கலாய்ப்பான், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். அதே ராத்திரி, அதே மண்தரையில் கர்ணன் சாவான், கிழவிகள் முந்தானையில் கண்ணைத் துடைப்பார்கள். காமெடி கேட்டு வந்தோம் என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனதில்லை. விடிய விடிய அப்படிப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஷோ எப்படி அந்நியமாகும்?

மறுநாள் மாமாவுக்கு போன் போட்டு அந்த வரியைச் சொன்னேன். "எங்க ஷாப்ல வாயு அளக்கிற மீட்டர் கீதும்மா, ஆபீஸ் பீரோவுல. டேங்க் கழுவ வர்ற காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது" என்றார். அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி மேனேஜரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.