பணம் முழுதும் கொடுத்த பிறகும் வீட்டின் மீது லீன் வருமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் உள்ள எங்கள் வீட்டின் கூரையை மாற்றித் தந்த ஒப்பந்தக்காரருக்குப் பேசிய தொகை முழுவதையும் கொடுத்துவிட்டோம். அவரிடம் துணை ஒப்பந்தம் எடுத்து வேலை செய்தவரோ, தமக்குரிய பணம் வரவில்லை என்றும், அதை நாங்கள் தராவிட்டால் வீட்டின் மீது லீன் (வர வேண்டிய பணத்துக்காகச் சொத்தின் மீது பதியும் பற்றுரிமை) பதிவு செய்யப்போவதாகவும் எழுதியிருக்கிறார். அவரோடு நாங்கள் ஒப்பந்தமே செய்துகொள்ளவில்லையே, இது செல்லுமா?

பதில்: செல்லக்கூடும். உழைப்போ பொருளோ தந்து ஒரு கட்டடத்தை மேம்படுத்தியவருக்கு அதன் மீது பற்றுரிமை உண்டு என்று அந்த மாநிலத்தின் அரசமைப்பே கூறுவதால், உங்களுக்கும் அவருக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஒரே வேலைக்கு இருமுறை பணம் கட்டிய வீட்டுக்காரர்கள் உண்டு.

ஆனால் அந்த உரிமை கெடுக்களுக்குக் கட்டுப்பட்டது. துணை ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கிய 20 நாட்களுக்குள் தாம் வேலை செய்வதையும் பணம் வராவிட்டால் லீன் கோரக்கூடும் என்பதையும் தெரிவிக்கும் முன்னறிவிப்பை உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். தாமதமாக அனுப்பியிருந்தால், அனுப்பிய நாளுக்கு முந்தைய 20 நாட்களிலும் அதன் பின்னரும் செய்த வேலைக்கு மட்டுமே உரிமை கோர முடியும். இந்த அறிவிப்பை விளம்பரக் கடிதம் என்று எண்ணி ஒதுக்கிவிடுவோர் பலர் என்பதால், பழைய தபால்களை முதலில் தேடிப் பாருங்கள். அடுத்து, வேலை முடிந்த 90 நாட்களுக்குள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) பதிவகத்தில் லீனைப் பதிவு செய்ய வேண்டும். வேலை முடிந்த 15 நாட்களுக்குள் வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் நிறைவு அறிவிப்பை நீங்கள் அங்கே பதிவு செய்திருந்தால், அவருக்கு அப்படிப் பதிவு செய்த நாளிலிருந்து 30 நாட்களே கிடைக்கும். பதிவு செய்தபின் 90 நாட்களுக்குள் அவர் வழக்குத் தொடராவிட்டால் லீன் செயலற்றதாகிவிடும். அப்போதும் பதிவேட்டில் அது கிடக்குமாதலால், வீட்டை விற்கவோ மறுகடன் பெறவோ போகும்போது இடைஞ்சல் தரும். அவரே நீக்க மறுத்தால், நீக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

எனவே மிரட்டலுக்கு அஞ்சி இன்றே பணம் அனுப்பாதீர்கள். முன்னறிவிப்பின் நாளையும் வேலை முடிந்த நாளையும் உறுதிசெய்துகொண்டு, பணம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் தீர்த்துவைக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. லீன் பதிவாகி வழக்கும் வந்துவிட்டால், அதை அவர் தம் செலவில் எதிர்கொள்ளுமாறு சட்டம் சொல்கிறது. அவர் கைவிரித்தால் வழக்கறிஞரை நாடுங்கள். துணை ஒப்பந்தக்காரருக்கே ஏதேனும் கொடுத்து முடிப்பதானால், காசோலை கைமாறும் அதே வேளையில், சட்டம் வகுத்த படிவத்தில் லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுப்புக் கடிதத்தைக் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.