ஏர் வால்வை மூடினால் நாற்றம் போய்விடுமா?

கேள்வி: எங்கள் தெருமுனையில் கழிவுநீர்க் குழாய் ஒன்று சிறு பாலம் வழியாகக் கால்வாயைத் தாண்டிப் போகிறது. அதன் உச்சியில் உள்ள இரும்பு வால்வு, பம்ப் ஓடத் தொடங்கினால் 'புஸ்' என்று நாற்றக் காற்றை விடும். சில நாள் கழிவுநீரையே பீய்ச்சும். யாரோ அடியிலிருந்த திருகை மூடிவிட்டார்கள். இப்போது நாற்றமில்லை. இப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா, விடாதீர்கள். கழிவுநீர் உந்து நிலையங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நாற்றம்தான் நின்றிருக்கிறது. காற்று குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

சென்னை தட்டையான ஊர். சாக்கடை தானாகச் சரிந்து நெடுந்தூரம் ஓட வழியில்லை. அங்கங்கே கழிவுநீர்க் கிணற்றில் சேர்த்து, கொடுங்கையூர், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்கு பம்ப் வைத்துத் தள்ளுகிறார்கள். பம்ப் இழுக்கும் காற்றும் சாக்கடையில் ஊறும் வாயுவும் குழாயின் மேடான இடத்தில் போய்த் தங்கும். உங்கள் பாலம் அப்படி ஒரு மேடு. அந்தக் காற்றை வெளியே விடத்தான் அங்கே அந்த ஏர் வால்வு. அங்கே காற்று அடைத்துக்கொண்டால் கழிவுநீர் அதற்கு அடியில் இடுக்கி ஓட வேண்டும். பம்புக்குச் சுமை கூடும், தள்ளும் அளவு குறையும், கரண்ட் வீணாகும். மழை நாளில் கிணறு நிரம்பி, பள்ளமான தெருவில் மேன்ஹோல் பொங்கும்.

இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. தேங்கிய காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு கலந்திருக்கும். அது குழாயின் ஈரமான உச்சியில் படிய, அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். உள்பூச்சு சிமெண்ட் முதலில் போகும், பிறகு இரும்பு. ஒருமுறை தோண்டி எடுத்த பழைய வார்ப்பிரும்புக் குழாயைப் பார்த்தேன். அடிப்பக்கம் திடமாக இருந்தது. உச்சியைப் பேனாக்கத்தியால் சுரண்டினால் கரிபோல உதிர்ந்தது.

அப்புறம் மின்வெட்டு. பம்ப் சட்டென்று நின்றாலும் ஓடிய நீர் உடனே நிற்காது. பின்னால் வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளிக்காற்றை உள்ளே விடுவதும் அதே வால்வின் வேலைதான். மூடியிருந்தால் ஜாயிண்ட் ரப்பர் உள்ளே இழுபடலாம், திரும்பி வரும் நீர் மோதிக் குழாயே விரிசல் விடலாம்.

சரி, அது ஏன் பீய்ச்சுகிறது? குடிநீர்க் குழாய்க்கான குட்டை வால்வைச் சாக்கடையில் மாட்டியிருக்கலாம். அதில் மிதவைப் பந்து நேராகத் துளையில் போய் ஒட்டும். முடியும் கொழுப்பும் சிக்கினால் சரியாக மூடாது. சாக்கடைக்கான வால்வு உயரமானது. மிதவை கீழே, அடைப்பான் மேலே, இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். நடுவில் எப்போதும் காற்று நிற்பதால் கழிவுநீர் அடைப்பானைத் தொடாது. ஆனாலும் கழுவாமல் விட்டால் அதுவும் கெடும். திறந்து பார்த்தால் கம்பி முழுக்கத் தலைமுடி சுற்றி, மேலே மஞ்சள் கொழுப்பு அப்பியிருக்கும். எல்லாம் நம் சமையலறை எண்ணெய். ஹோட்டல்கள் நிறைந்த பகுதியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்வேன். அடித்திருகை மூடி, பக்கக் குழாயில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சினால் போதும். நாற்றத்துக்கு, காற்று வெளியேறும் வாயில் கரி வடிகட்டி பொருத்தலாம். வீடுகள் இவ்வளவு அருகில் இருக்கும்போது அதைக் கேட்பது உங்கள் உரிமை.

மூடிய திருகை நீங்களோ தெருக்காரர்களோ திறக்க வேண்டாம். அடைபட்ட வாயு அழுத்தத்தோடு வெளியேறும். அதில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியில் தங்கும். காற்றில் அது பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனாலே மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. சாலைக்கடியில் உள்ள வால்வுக் குழிகளில் யாரையும் பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி யாராவது ஆளைக் கூட்டி வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

கழிவுநீர் அலுவலகத்துக்கு எழுதும்போது 'நாற்றம்' என்று மட்டும் எழுதாதீர்கள். பாலத்தின் மேலுள்ள ஏர் வால்வின் அடித்திருகு மூடிக் கிடக்கிறது, வால்வு சாக்கடைக்கான வகையா என்று பார்த்து மாற்றித் தாருங்கள் என்று எழுதி, ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள்.