கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கும் பெண், திடீரென்று "எரிமலைப் பாறையில் இருக்கும் ஐசோடோப்பை அளந்து பூமிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறேன், ஜியாலஜிதான் படிப்பேன்" என்று பிடிவாதமாக நின்றால் எந்த அம்மாவுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். நர்சிங், என்ஜினியரிங் என்றால் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது? சோறு கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் பெண் எதில் மனதைப் பறிகொடுத்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "புவியியல் படித்து டீச்சர் ஆவதற்கா இவ்வளவு மார்க்" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பள்ளியில் புவியியல் என்று படித்தது ஜியாக்ரஃபி. இவள் கேட்பது ஜியாலஜி, பாறையையும் தாதுவையும் பூமியின் அமைப்பையும் படிக்கிற படிப்பு. இரண்டையுமே தமிழில் பல இடங்களில் புவியியல் என்று எழுதிவிடுகிறார்கள், அதனால் வரும் குழப்பம் இது. விண்ணப்பம் போடும்போது பாடத்தின் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஐசோடோப்பு விஷயம். நாம் நிற்கிற மேலோட்டுக்குக் கீழே தொடங்கி சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பதைப் பாடப்புத்தகம் கவசம் என்று சொல்லும், மேன்டில் என்பதும் அதுதான். பூமியின் பெரும்பகுதியே இதுதான், ஆனால் இதுவரை யாரும் அங்கே போய்த் தொட்டதில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் வருஷக்கணக்காகத் தோண்டிய துளை 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது, மேலோட்டையே தாண்டவில்லை. நாம் கீழே போக முடியாது, கீழே இருப்பது உருகி மேலே வரும்போது பிடித்துக்கொள்ளலாம். எரிமலைப் பாறைக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான்.

ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமம், எடை மட்டும் கொஞ்சம் வேறு. ருபிடியம்-87 என்ற ஒன்று மெல்ல மெல்ல ஸ்ட்ரான்சியம்-87 ஆக மாறிக்கொண்டே இருக்கும், பாதி மாறுவதற்கே ஏறக்குறைய 4,900 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே சுமார் 450 கோடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாறை உருகும்போது ருபிடியம் முந்திக்கொண்டு குழம்போடு மேலே போய்விடும், கீழே மிஞ்சுகிற கவசத்தில் அது குறைந்துபோகும். அதனால் காலம் போகப் போகக் கண்டங்களின் மேலோட்டில் ஸ்ட்ரான்சியம்-87 கூடிக்கொண்டே வரும், கவசத்தில் அவ்வளவாகக் கூடாது. ஸ்ட்ரான்சியம்-87 அதன் இன்னொரு வகையான ஸ்ட்ரான்சியம்-86-ஐப் போல எத்தனை பங்கு என்பதைத்தான் ஸ்ட்ரான்சியம் விகிதம் என்பார்கள், பாறை மறுபடி உருகினாலும் இந்த விகிதம் அப்படியே இருக்கும். எந்த இடத்தில் உருகியதோ அந்த இடத்தின் அடையாளத்தைக் குழம்பு தன்னோடு கொண்டுவந்துவிடும்.

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வர் பக்கம் போனால் மலை முழுக்கப் படிப்படியாகக் கறுப்புப் பாறை தெரியும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது அது, தக்காணப் பசால்ட் என்பார்கள், இன்றைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. அங்கே புஷே என்று ஓர் அடுக்கு, அதற்கு மேலே அம்பேநளி என்று ஓர் அடுக்கு. கண்ணால் பார்த்தால் இரண்டும் கறுப்புக் கல்தான். ஸ்ட்ரான்சியம் விகிதத்தை அளந்தால் அம்பேநளியில் 0.704-ஐ ஒட்டி வருகிறது, புஷேயில் 0.713-க்கும் மேலே போகிறது. மூன்றாவது தசமத்தில் இருக்கிற சின்ன வித்தியாசம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், இந்தத் துறையில் இது பெரிய பள்ளத்தாக்கு மாதிரி. அம்பேநளி கவசத்துக்கு நெருக்கமானது. புஷேயின் குழம்போ வருகிற வழியில் பழைய கண்டப் பாறையைக் கரைத்து விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. எது கவசத்தின் சொந்தச் சரக்கு, எது வழியில் கலந்தது என்று பிரித்த பிறகுதான் ஆழத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

இந்தத் தக்காணக் குழம்புக்குக் காரணமான வெப்பப் பகுதி இப்போது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இந்தியா வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு வழியாகக் கடலடியில் அதன் தடம் நீள்கிறது. அந்தத் தீவில் பிட்டன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றைக்கும் அடிக்கடி வெடிக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழ்கிற தீவு அது, உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம் இல்லையா, பூமியின் உள்ளே அது செல்லாது என்று காட்டியது இந்த அளவீடுதான். அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா ஒரு மாதிரி, பசிபிக்கில் சமோவா வேறு மாதிரி, ஹவாய் இன்னொரு மாதிரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கவசத்துக்குள் அமிழ்ந்துபோன பழைய கடல் தரை சில தீவுகளில் திரும்பி மேலே வருகிறது என்று 1982-ல் ஹாஃப்மன், வைட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள், இன்றும் அது முக்கியமான கருத்து. கனடாவின் பாஃபின் தீவுப் பாறைகள் சிலவற்றிலோ ஹீலியம்-4-க்கு ஹீலியம்-3 எவ்வளவு என்ற விகிதம் நம் காற்றில் இருப்பதைப் போல 50 மடங்குக்கும் மேல். ஹீலியம்-3 பூமி பிறந்தபோதே உள்ளே சிக்கிக்கொண்ட ஒன்று. அப்படியென்றால் இத்தனை கோடி ஆண்டுகளாக அது எங்கே ஒளிந்திருந்தது? கவசத்தின் கலங்காத ஒரு மூலையிலா, அதற்கும் கீழே பூமியின் நடுவில் இருக்கும் கருவத்திலா என்று விஞ்ஞானிகளுக்குள் வாதம் இன்னும் ஓடுகிறது. உங்கள் பெண் மயங்கியிருப்பது வெட்டியான எதிலும் இல்லை அம்மா, அதில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் அவளிடம் நான் கேட்க விரும்புவது எரிமலையைப் பற்றி இல்லை. கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்யும்போது மூன்று முறை ஒரே ரீடிங் வரும்வரை அவளே பொறுமையாகச் செய்கிறாளா, இல்லை முதல் ரீடிங் வந்ததும் மற்ற இரண்டையும் அதைப் பார்த்து எழுதிவிடுகிறாளா? உண்மையான பதிலைக் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் இந்த வேலையில் மலையில் சுத்தியலோடு இருக்கிற நாள் வருஷத்தில் சில வாரம்தான். மிச்ச நாளெல்லாம் தூசு வடிகட்டிய அறையில், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, அரைத்த பாறையை அமிலத்தில் கரைத்து, சொட்டுச் சொட்டாகத் தனிமத்தைப் பிரித்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் ஐந்தாவது தசமம் வரை அளப்பது. வெளியிலிருந்து ஒரு துளி அசுத்தம் சேர்ந்தால் வாரக்கணக்கான உழைப்பு வீண். எரிமலை வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையாகச் சேர்ந்து, லேபுக்குள் போனதும் மனம் விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான், முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆபத்து இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். எரிமலையைவிட நான் கவனமாக இருக்கச் சொல்வது பாறையைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத்தான், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. ஒழுங்கான ஆய்வகத்தில் பயிற்சி இல்லாமல் யாரையும் தொட விடமாட்டார்கள், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பிற்காலத்தில் எந்த லேபில் சேர்ந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்கிற பழக்கம் அவளுக்கு வேண்டும்.

இப்போது சோறு. பி.எஸ்சி. ஜியாலஜியோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம், இதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. வரை படிக்க வைக்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகிய இடங்களில் ஜியாலஜி துறை இருக்கிறது, செலவும் அதிகம் ஆகாது. அப்புறம் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். மேத்ஸை மட்டும் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், இந்தத் துறையே கணக்கில்தான் நடக்கிறது.

எம்.எஸ்சி. முடித்த இடத்தில் பாதை பிரிகிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வில் தேறினால் 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் குரூப் ஏ வேலை, ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாயில் தொடங்குகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதே தேர்வுதான். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க வேண்டும், மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும், பிஎச்.டி.க்கு நீங்கள் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. அகமதாபாத் பி.ஆர்.எல்., ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் அவள் கனவு காண வேண்டிய இடங்கள். அந்தமானில் இருக்கிற பாரன் (Barren) தீவு எரிமலையின் பாறைகளை பி.ஆர்.எல்.லில் ஐசோடோப்பு வழியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் பிஎச்.டி., அதற்குப் பிறகு வெளிநாட்டில் இரண்டு மூன்று வருஷம் என்று எல்லாம் முடிந்து நிரந்தர வேலையில் உட்காரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும், அந்த வேலைகளும் எண்ணிக்கையில் குறைவு. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பாதியில் மனம் மாறினால்? கை வசம் தொழில் இருக்கும். கிளேர் பேட்டர்சன் என்று ஓர் அமெரிக்கர், 1956-ல் விண்கல்லில் இருந்த காரீய ஐசோடோப்பை அளந்து பூமிக்கு 455 கோடி வயது என்று சொன்னவர். தன் ஆய்வகத்தில் எங்கே தொட்டாலும் காரீயம் கலக்கிறதே என்று அதன் பின்னால் போனவர்தான், பெட்ரோலில் சேர்க்கும் காரீயம் உலகத்தையே மாசுபடுத்துவதைக் காட்டி அதை எதிர்த்துப் போராடினார். கல்லுக்காகக் கற்ற அதே அளவீடு நிலத்தடி நீரின் வயதைப் பார்க்கவும், அணுசக்தித் துறையிலும், பருவநிலை ஆய்விலும் வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் அவளை லேப் நோட்டோடு உட்கார வைத்து அந்த டைட்ரேஷன் கேள்வியைக் கேளுங்கள். திட்டுகிற குரலில் கேட்காதீர்கள், பொய் சொல்லிவிடுவாள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், கவுன்சலிங் விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.